சும்மா இருந்த நாலாவது டிஸ்க்

மண்டைதீவில் யாராவது செத்தால் முதலில் பங்குச் சுவாமிக்குச் சொல்வார்கள், பிறகு சவப்பெட்டிக்காரனுக்கு, அதற்குப் பிறகு அனோஜினிக்கு. கனடாவிலும் பிரான்சிலும் இருக்கிற பிள்ளைகள் அழுவதற்கு அவளுடைய கமரா வேண்டும். யார் கட்டிப்பிடித்து அழுதார்கள், யார் எட்டத்தில் நின்று பார்த்தார்கள், யார் வராமலே விட்டார்கள், எல்லாம் அதில் விழ வேண்டும். ஒரு மாமியின் அழுகை விடுபட்டாலும் பாரிசிலிருந்து போன் வரும்.

முப்பத்தெட்டு வயது, கலியாணம் கட்டாதவள், பெரிய வாய்க்காரி. பெண் பார்க்க வந்த ஒருவன், "கட்டினாப் பிறகு உந்தக் கமராவை விட்டிடுவீர்தானே?" என்று கேட்டான். "நீர் உந்தக் கேள்வி கேக்கிற வாயை வீட்டில விட்டிட்டு வாரும், யோசிப்பம்" என்றாள். தேத்தண்ணீர் ஆற முதல் அந்தச் சம்பந்தம் எழும்பிப் போய்விட்டது. அவளுக்கு அதில் ஒரு கவலையும் இல்லை.

கவலை வேறொன்றில் இருந்தது. சண்டைக்குள் தீவை விட்டு ஓடினபோது அவள் சின்னப்பிள்ளை. தகப்பன் அந்தக் கிழமையே கடலில் போய்விட்டார். அவருடைய ஒரேயொரு படம் வீட்டு அலுமாரிக்குள் கிடந்து, வீட்டோடு சேர்ந்து எரிந்தது. அப்பாவின் முகம் அவளுக்குத் தெரியாது. தம்பி சில்வெஸ்ரர் அப்போது தாயின் வயிற்றுக்குள். அவனுக்கு அப்பா என்றால் ஒரு பெயர்தான். அதனால்தான் இவள் எதையும் அழிக்கமாட்டாள். பதினைந்து வருடமாக எடுத்த கலியாணம், செத்தவீடு, பிள்ளைகளின் முதல் நன்மை, மாதா கோயில் பெருநாள் எல்லாவற்றையும் நடு அறையில் ஒரு கறுப்புப் பெட்டிக்குள் சேர்த்து வைத்திருந்தாள்.

அந்தப் பெட்டிதான் அவளுடைய சேர்வர். வீட்டு ரீவியில் ரிமோட்டை அழுத்தினால் படமும் பார்க்கலாம், ஊர்க் கிழவன் ஒருவனின் செத்தவீடும் பார்க்கலாம். உள்ளே நாலு டிஸ்க். முதலாவதில் செத்தவீடுகள். இரண்டாவதில் கலியாணங்களும் சினிமாவும். மூன்றாவதில் கோயில் பெருநாள்கள். நாலாவதில் ஒரு படமும் இல்லை, ஒரு பாட்டும் இல்லை. அதுதான் பாரிட்டி டிஸ்க்.

அதை வைத்து அக்காவுக்கும் தம்பிக்கும் நடந்த சண்டையைக் கேட்க வேண்டும். ரொறன்ரோவில் இருக்கிற பெரியண்ணன் புதிதாக ஒரு பெரிய டிஸ்க் வாங்கி, ஊருக்கு வந்த ஒருவரின் சூட்கேசில் குளிர்ச்சட்டைக்குள் சுருட்டி அனுப்பியிருந்தான். இனிப் படம் படமாக நிரப்பலாம் என்று சில்வெஸ்ரர் துள்ளினான். இவளோ அதை எடுத்துப் பாரிட்டிக்குப் போட்டாள். அங்கே அதுவரை இருந்த பழைய டிஸ்கைக் கழற்றித் துணியில் சுற்றி அலுமாரியில் சேலைக்குக் கீழே வைத்தாள்.

"பெரிய வள்ளத்தை வாங்கிக் கரையில ஏத்தி வைக்கிற விசரி உலகத்தில நீ ஒருத்திதான்" என்றான் தம்பி.

"டேய், காவலுக்கு நிக்கிறது எல்லாரிலும் பெரிசா இருக்கவேணும். அதுதான் சட்டம். மற்ற மூண்டிலயும் ஒரே இடத்தில இருக்கிற எண்களைக் கூட்டி, கூட்டுத்தொகையை மட்டும் உது எழுதி வைக்கும். ஒண்டில ரெண்டு, ஒண்டில அஞ்சு, ஒண்டில மூண்டு எண்டால் இதில பத்து. நாளைக்கு அந்த அஞ்சு செத்துப்போனால் என்ன? பத்தில ரெண்டையும் மூண்டையும் கழிச்சுப் பார். அஞ்சு திரும்பி வரும்."

"ரெண்டு டிஸ்க் ஒரே நேரத்தில செத்தால்?"

"செத்ததுதான். ஒரு பரியாரியாலும் காப்பாத்த ஏலாது."

"அப்ப உவர் சும்மா இருந்து கறன்ற் தின்னுற ஆள்" என்று சொல்லி, மற்ற டிஸ்குகளில் அக்கா இலக்கம் எழுதி ஒட்டியிருந்ததைப் போல இதிலும் ஒரு பிளாஸ்ரர் துண்டை ஒட்டி, "சும்மா இருக்கிறவர்" என்று கொட்டை எழுத்தில் எழுதிவிட்டான். அவள் அதைக் கிழிக்கவில்லை. பார்க்கப் பார்க்கச் சிரிப்பு வந்தது.

அந்தச் சிரிப்பு பெருநாள் வரைக்கும்தான்.

ஊரில் டிலோன் என்று ஒருவன். அந்தோனியம்மாவின் ஒரே மகன். முதல் நன்மை எடுத்தபோது வெள்ளை உடுப்போடு அனோஜினியின் கமராவுக்கு முன்னால் பல்லைக் காட்டி நின்ற பிள்ளைதான். வளர்ந்து வாளோடு திரிகிற கூட்டத்துக்குத் தலைவனானான். ரவுணில் ஒருவனை வெட்டிவிட்டுப் பொலிசுக்கு ஒளித்துத் திரிந்த நேரத்தில் தாய் செத்துப்போனாள். குறுக்கால போவான், பெற்றவளின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவும் வரவில்லை. பிறகு வழக்கை எப்படியோ அமத்திவிட்டு ஊருக்கு வந்து, கடலட்டை வளர்க்கிறேன் என்று கரைக்கடலைக் கம்பு நட்டு வலை கட்டி வளைத்துப் பிடித்தான். சில்வெஸ்ரரின் வள்ளம் போய்வருகிற பாதையும் அதற்குள் போயிற்று. சில்வெஸ்ரர் போய் நியாயம் கேட்டான். கன்னத்தில் அடி விழுந்தது. அடுத்த நாள் பட்டப்பகலில், கரையில் ஊர் பார்த்து நிற்க, கடலில் இறங்கி அந்த வலையை அறுத்துப்போட்டு வந்தான்.

பெருநாளன்று பின்னேரம் சுற்றுப்பிரகாரம். அனோஜினி ஒரு கமராவைக் கோயில் கேற்றடியில் மூன்று காலில் நிறுத்தி ஓடவிட்டுவிட்டு, மற்றதைத் தோளில் வைத்து மாதா சுருவத்துக்கு முன்னால் நடந்தாள். கேற்றடியில் பட்டாசு வெடித்த நேரம் டிலோன் பின்னால் வந்தான். முதல் வெட்டு சில்வெஸ்ரரின் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இறங்கியது. அவன் திரும்பிக் கையை நீட்டினான். இரண்டாவது வெட்டில் அந்தக் கையில் பாதி தொங்கியது. விழுந்தவனின் வயிற்றில் காலை ஊன்றிக்கொண்டு, விறகு கொத்துவதுபோலக் கொத்தினான். இரத்தம் கேற்றில் கட்டியிருந்த கடதாசிக் கொடிகள் வரை தெறித்தது. அலறல் கேட்டு அனோஜினி ஓடிவந்தபோது தம்பியின் வாய் எதையோ சொல்லப் பார்த்தது. இரத்தம்தான் வந்தது. அவள் அவனைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு, "என்ர ராசா, என்ர ராசா" என்று கத்தினாள். மடியிலேயே அவன் உடம்பு ஆறிப்போயிற்று.

அத்தனை சனம் நின்றது. பொலிஸ் வந்து கேட்டபோது ஒருவரும் ஒன்றும் காணவில்லை. அடுத்த வீட்டு இராசநாயகம் அண்ணை நாலடி தள்ளி நின்றவர், வெள்ளைச் சேட்டில் இரத்தப்புள்ளியோடு நின்றவர், அவரும் சொன்னார்: "நான் சுருவத்தைப் பாத்துக்கொண்டு நிண்டனான் ஐயா." மாதாவைப் பார்த்துக்கொண்டு நின்றாராம்!

இனி அவள் செய்த பிழையைச் சொல்ல வேண்டும். வேறு ஊரில் ஒருத்தி இதைச் செய்யமாட்டாள். அன்றிரவே பெரியண்ணன் ரொறன்ரோவிலிருந்து குழறினான். "எனக்கு வர ஏலாது பிள்ளை, விசாச் சிக்கல். நீதான் எடுக்கவேணும். வேற ஆர் எடுத்தாலும் தம்பியை வடிவாக் காட்டமாட்டாங்கள்." சொந்தத் தம்பியின் செத்தவீட்டுக்கு அவளே கமரா தூக்கினாள். அதற்கு இரண்டு கமராவின் கார்ட்டும் வேண்டும், இரண்டிலும் பெருநாள் நிறைந்து கிடந்தது. கை பழகின வேலை. பெருநாளைப் பெட்டிக்குள் ஊற்றினாள், கார்ட் இரண்டையும் துடைத்தாள், கமராவைத் தோளில் வைத்தாள். கேற்றடியில் காலில் நின்ற கமரா என்ன பார்த்தது என்று அவளுக்கு அப்போது தோன்றவே இல்லை. கண்ணீர் மறைக்க மறைக்கத் தம்பியின் முகத்தை எடுத்துக்கொண்டிருந்தாள்.

எட்டாம் நாள் செய்கிற எட்டுச் செலவு முடிந்த பிறகுதான் பெருநாள் வீடியோவைப் போட்டுப் பார்த்தாள். கேற்றடி. பட்டாசு. டிலோனின் முகம், வாள், ஓங்கின கை, எல்லாம் கண்ணாடி மாதிரித் தெளிவாக விழுந்திருந்தது. அவள் நிலத்தில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்துவிட்டு லோயருக்குப் போன் எடுத்தாள். "ஒருத்தருக்கும் போனில அனுப்பாதேயும். கை மாறினால் பொய்யாச் செய்தது எண்டு சொல்லிப்போடுவாங்கள். நாளைக்கு நானே வந்து பெட்டியோட எடுக்கிறன்" என்றார் அவர். இவள் ஒரு பென்ட்ரைவில் மட்டும் பிரதி எடுத்துச் செபமாலையோடு கழுத்தில் போட்டுக்கொண்டாள். பெரியண்ணனுக்கு மட்டும் விஷயத்தைச் சொன்னாள்.

பெரியண்ணன் என்ன செய்தான் தெரியுமா? ஆத்திரத்தில் கண் மண் தெரியாமல் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில், "கொலைகாரன் வீடியோவில் வடிவாய் விழுந்திருக்கிறான், இனித் தப்ப ஏலாது" என்று போட்டுவிட்டான். தீவில் யார் யாருக்குச் சொந்தமில்லை? டிலோனின் சித்தி ஒருத்தி ஜேர்மனியிலிருந்து அந்தக் குழுவில் இருந்தாள்.

விடிந்து வெயில் ஏற முன்னமே டிலோனும் இன்னும் இரண்டு பேரும் வந்தார்கள். படலையில் குரைத்த நாயை ஒருவன் வாளால் ஒரே வெட்டில் இரண்டாக்கினான். அனோஜினி குசினிக்குள் இருந்து ஓடிவர, கொண்டையைப் பிடித்துச் சுவரில் அடித்தார்கள். உதடு கிழிந்து வாயெல்லாம் இரத்தம். கழுத்தில் கிடந்த பென்ட்ரைவைச் செபமாலையோடு அறுத்தெடுத்து நிலத்தில் வைத்துச் சுத்தியலால் தூளாக்கினான் டிலோன். போன், லப்ரொப், இரண்டு கமரா, எல்லாம் ஒவ்வொன்றாகச் சுத்தியலுக்குக் கீழே போயின.

"அக்கா, உங்களோட எனக்குக் கோபமில்லை" என்றான். அறுவான், அக்கா என்றுதான் கூப்பிட்டான். "பெருநாள் எதுக்குள்ள கிடக்கு? சொன்னாப் போயிடுவன்."

அவள் அந்த இரத்தத்துக்குள்ளும் கணக்குப் பார்த்தாள். ஒன்று போனால் போகட்டும். இரண்டு போனால் தம்பி இரண்டாம் தரம் செத்தான். "மூண்டாவது" என்றாள். உண்மையைத்தான் சொன்னாள்.

ஒருவன் பெட்டி ஓடிக்கொண்டிருக்கவே மூன்றாவது டிஸ்கை இழுத்துப் பிடுங்கினான். டிலோன் அதை முற்றத்துக் கல்லில் வைத்து அடித்தான். மூடி பிளந்தது, உள்ளே இருந்த தட்டுகள் வளைந்தன, உடைந்தன. பிறகும் அடித்தான். கல்லே பொடியாகும்வரை அடித்துவிட்டு உள்ளே வந்து, "எதுக்கும் மிச்சத்தையும் முடிப்பம்" என்று பெட்டிக்கு மேலே சுத்தியலை ஓங்கினான்.

அனோஜினி பாய்ந்து முதலாவது டிஸ்குக்கு மேலே வலது கையை விரித்து வைத்தாள். சுத்தியல் கையில் இறங்கியது. விரல் எலும்புகள் நொறுங்கின சத்தம் அவளுக்கே கேட்டது. கையை எடுக்கவில்லை. அவன் மறுபடி ஓங்கினான்.

"அடி! அடியடா!" என்று குழறினாள். "உன்ர கொம்மாவின்ர செத்தவீடு இதுக்குள்ளதான் கிடக்கு! ஒளிச்சுத் திரிஞ்ச நாய், நீ பாக்காத முகம் இதுக்குள்ள கிடக்கு! அதையும் கொத்திப்போட்டுப் போ!"

சுத்தியல் மேலேயே நின்றது.

"பொய்" என்றான்.

"நான்தானேடா எடுத்தனான்."

"போட்டுக் காட்டு."

அப்போதுதான் அவளுக்குப் பயம் பிடித்தது. மூன்றாவது டிஸ்க் முற்றத்தில் தூளாய்க் கிடந்தாலும், மற்ற மூன்றும் உயிரோடு இருக்கிறபடியால் பெட்டி அதை அந்தந்த நேரத்திலேயே கணக்குப் போட்டுக் காட்டும். ரீவியைப் போட்டால் பெயர் வரிசையில் பெருநாளும் வந்து நிற்கும், ஒன்றும் நடக்காததுபோல. அதை இவன் கண்டால் எல்லாம் முடிந்தது.

இடது கையால் ரிமோட்டை எடுத்தாள். வரிசை அகரத்தில் தொடங்கியது. அந்தோனியம்மாவின் பெயர் மேலேயே நின்றது. அதை அழுத்தப் போக, ஹெல்மெட் போட்ட ஒருவன் ரிமோட்டைப் பறித்துக் கீழே கீழே தட்டினான். "மச்சான், படமெல்லாம் கிடக்கடா, புதுப்படம்கூடக் கிடக்கு!" பெயர்கள் ஓடின. மாதாவே, மாதாவே என்று அனோஜினி உள்ளுக்குள் கத்தினாள். பெருநாளுக்கு இரண்டு பெயர் மேலே நின்றபோது, டிலோன் அவனுடைய ஹெல்மெட்டில் சுத்தியல் பிடியால் ஒன்று போட்டான். "எங்கட அம்மான்ர செத்தவீட்டில உனக்குப் படமாடா, விசரா? குடு அங்க!"

அந்தோனியம்மா ரீவியில் வந்தாள். வெள்ளைச் சேலை, கையில் சிலுவை. டிலோன் கதிரையில் உட்கார்ந்தான். சுத்தியலை மடியில் வைத்துக்கொண்டு பெற்றவளின் முகத்தைப் பார்த்தான். அவனுக்குக் கண்ணீர் வந்தது. வரட்டும், அதற்காக எனக்கு இரக்கம் வராது. சவப்பெட்டியை மூடித் தூக்குகிற நேரம் வந்தது. மகன் நிற்க வேண்டிய முன் பக்கத்தில், தோளைக் கொடுத்து நடந்தவன் சில்வெஸ்ரர். வேர்க்க விறுவிறுக்க, செருப்புமில்லாமல், கல்லறை வரை தூக்கிக்கொண்டு போனான். டிலோன் வெட்டின அதே தோள்.

"நிப்பாட்டு" என்றான் டிலோன்.

மற்றவன் நாலாவது டிஸ்கைத் தட்டிக்காட்டி, "இது?" என்று கேட்டான். பிளாஸ்ரரில் எழுதியிருந்ததை வாசித்தான். "சும்மா இருக்கிறவர்" என்று சொல்லிச் சிரித்தான்.

"வாங்கோடா போவம்" என்று டிலோன் எழும்பினான். படியில் நின்று திரும்பினான். "வாயைத் திறந்தா, நாய்க்குப் பக்கத்தில நீங்கதான் கிடப்பீங்கள், அக்கா."

மோட்டார்சைக்கிள் சத்தம் தேய்ந்ததும் அவள் அலுமாரியைத் திறந்தாள். சேலைக்குக் கீழே துணியில் சுற்றி வைத்த பழைய டிஸ்க். ஒற்றைக் கையாலும் பல்லாலும் ஆணியைத் திருகி, மூன்றாவது இடத்தில் செருகினாள். போனும் இல்லை, லப்ரொப்பும் இல்லை. ரீவியிலேயே பெட்டியின் பக்கத்தைத் திறந்து, திருப்பிக் கட்டச் சொல்லி அழுத்தினாள். இனி மற்ற மூன்று டிஸ்கும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை பிழையில்லாமல் வாசிக்க வேண்டும். நடுவில் ஒன்று மக்கர் பண்ணினாலும் போச்சு. சுத்தியல் அதிர்ச்சி வாங்கின முதலாவது டிஸ்க், அந்தோனியம்மா கிடக்கிற டிஸ்க், டிக் டிக் என்று ஒரு கெட்ட சத்தம் போடத் தொடங்கியது. போதாக்குறைக்குக் கறன்ற் நின்றது. கறன்ற் போனால் கொஞ்ச நேரம் மட்டும் தாங்குகிற சின்னப் பற்றரிப் பெட்டி கீச்சிடத் தொடங்கியது.

அந்தக் கீச்சைக் கேட்டு வந்த இராசநாயகம் அண்ணை வாசலில் நின்றார். ஒரு கையில் ஜெனரேற்றர், மற்றக் கையில் மீன் குத்துகிற மண்டா. வெட்டுப்பட்ட நாயையும் அவளுடைய கையையும் பார்த்தார். அவளுடைய முகத்தை நிமிர்ந்து பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை.

"உதுக்குள்ள தம்பின்ர வீடியோ இருக்கோ, பிள்ளை?"

"இருக்கு. கறன்ற் நிண்டால் இல்லை."

"நீ ஆஸ்பத்திரிக்குப் போ. என்ர பெடியன்ர ஓட்டோ ஒழுங்கையில நிக்குது. நான் இதுக்குக் காவல் இருக்கிறன்." ஜெனரேற்றரின் கயிற்றை இழுத்து ஓடவிட்டார். "அண்டைக்குச் சுருவத்தைப் பாத்தது காணும். இண்டைக்கு ஆர் வந்தாலும் குத்திப்போட்டுத்தான் விடுவன்."

அவளுக்கு அவர்மேல் இருந்த கோபம் முழுவதும் போகவில்லை. ஆனால் போனாள். இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். கட்டோடு திரும்பி வந்தபோது கிழவர் மண்டாவை மடியில் வைத்தபடி அந்தப் பெட்டிக்கு முன்னால் இருந்தார். முதலாவது டிஸ்க் இன்னும் டிக் டிக் என்றுதான் கிடந்தது. ஆனாலும் கடைசி வரை வாசித்துக் கொடுத்துவிட்டது. அனோஜினி பெருநாளைத் திறந்தாள். கேற்றடி. பட்டாசு. தம்பி சிரித்துக்கொண்டு நிற்கிறான், பின்னால் டிலோன் வருகிறான். அதற்கு மேல் பார்க்க அவளால் ஏலவில்லை. லோயர் வந்து பெட்டியோடு ஏற்றிக்கொண்டு போனார்.

நீதிமன்றத்தில் திரையில் அது ஓடியபோது ஒரு தும்மல் கேட்கவில்லை. வாள் ஓங்கின இடத்தில், கூண்டுக்குள் நின்ற டிலோன் அவனை அறியாமல் கத்தினான்: "அது இருக்க ஏலாது! அதை நான் உடைச்சனான்!"

நீதவான் நிமிர்ந்தார். "எதை உடைத்தீர்?"

பின்வரிசை வாங்கில் இருந்து இராசநாயகம் அண்ணை எழும்பினார். "ஐயா, நானும் கண்டனான். பெருநாளண்டும் கண்டனான், வீட்டை உடைச்சிட்டுப் போகேக்கையும் கண்டனான்" என்றார். சொல்லி முடித்தும் அவர் உட்காரவில்லை.

விலங்கோடு சிறைச்சாலை வானில் ஏற்றக் கொண்டுபோகையில், அனோஜினி கட்டுப்போட்ட கையோடு படியடியில் நின்றாள். டிலோன் அவளைக் கண்டதும் நின்றான்.

"கல்லில வச்சுத் தூளாக்கினனான். எப்பிடி அக்கா?"

"ஓமடா, நீ உடைச்சனீதான்" என்றாள். "மிச்ச மூண்டும் ஒவ்வொரு எழுத்தா வாசிச்சுத்தான் அது திரும்பி வந்தது. கொம்மாவின்ர செத்தவீடு இல்லாட்டி வந்திருக்காது. அவவையும் உடைச்சிருந்தால் நீ தப்பியிருப்பாய்."